சேர்ந்து படிக்க எந்த நாவல்?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசகர் வட்டம் தொடங்கியிருக்கிறோம். மாதம் ஒரு நாவல். சமகாலத் தமிழ் நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: இமையத்தின் 'செல்லாத பணம்' எடுங்கள். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். வார்டுக்கு வெளியே பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, அது எதற்கும் உதவவில்லை. யார்மேல் தப்பு என்று உங்களில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வீர்கள். கூட்டு வாசிப்புக்கு அப்படிப்பட்ட நாவல்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பிடித்துப்போன புத்தகத்தில் அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

அடுத்து சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வதைச் சபையில் வைத்த நாவல். வட்டத்தில் ஆண்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' அளவில் சிறியது, வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோது.

பூமணியின் 'அஞ்ஞாடி' மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு. ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு மாதத்தில் முடியாது. வட்டம் ஓராண்டு நிலைத்த பிறகு, மூன்று மாதத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.