லேடெக்கில் நூற்பட்டியல் வரவில்லையா?

மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் [?] நிற்கிறதா? பிடிஎஃப்பின் கடைசியில் நூற்பட்டியலும் இல்லையா? இந்த வரிசையில் பாருங்கள்.

1. லேடெக், பிப்டெக், லேடெக், லேடெக் என்று வரிசையாக ஓட்டுங்கள். முதல் ஓட்டம் மேற்கோள்களைக் குறித்துவைக்கும்; பிப்டெக் பட்டியல் தயாரிக்கும்; கடைசி இரண்டும் பட்டியலைச் சேர்த்து எண்களைப் பொருத்தும்.

2. பிப்லேடெக் தொகுப்பு என்றால் பிப்டெக்குக்குப் பதில் பைபரை ஓட்டுங்கள். தனியாக மாற்றிச் சொல்லாவிட்டால் அது பைபரையே எதிர்பார்க்கும்.

3. பிப்லேடெக்கில் 'ஆட்பிப்ரிசோர்ஸ்' கட்டளைக்குள் கோப்பின் பெயரை '.பிப்' என்ற பின்னொட்டோடு எழுதுங்கள். அது விடுபட்டால் கோப்பு கிடைக்காது.

4. 'சைட்' கட்டளையில் உள்ள குறியீட்டுப் பெயரையும் பிப் கோப்பில் உள்ளதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும் சிக்கல் வரலாம்.

5. மேற்கோளே இல்லாமல் பட்டியல் மட்டும் வேண்டுமானால், 'நோசைட்' கட்டளைக்குள் * போடுங்கள். சுட்டப்படாத நூல் தானாகப் பட்டியலில் ஏறாது.

6. இன்னும் வரவில்லையா? '.பிஎல்ஜி' கோப்பைத் திறந்து படியுங்கள். திறக்க முடியாத கோப்பு எது, கிடைக்காத பதிவு எது என்று அதில் இருக்கும்.

7. கடைசியாக '.ஆக்ஸ்', '.பிபிஎல்' கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பழைய பிழை அவற்றில் தங்கியிருக்கலாம். '.பிப்' கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். நூல் விவரமெல்லாம் அதில்தான்.