பட்டறைக்கு முதலில் எதை வாங்குவது?

சொந்தமாகக் கொல்லுப்பட்டறை வைக்க நினைப்பவர்களில் பலர் முதலில் தேடுவது கொம்பு வைத்த பெரிய அடைகல்லைத்தான். காணொளிகளில் அதுதான் நடுநாயகமாக நிற்கிறது. கையிருப்பில் முக்கால்வாசியை அதில் போட்டுவிட்டால் காற்றுக்கும் கரிக்கும் காசு இருக்காது. இரும்பு சிவக்காத பட்டறையில் அடைகல் என்ன செய்யும்?

உலை ஒன்று பற்றிக்கொண்டால் போதும், பட்டறை தனக்கு வேண்டிய கருவிகளில் பாதியைத் தானே பெற்றுக்கொள்ளும். குறடு, உளி, பஞ்ச், கொக்கி எல்லாம் அங்கேயே அடித்துக்கொள்ளக்கூடியவை. ஆகவே நீங்களே செய்துகொள்ள முடிகிற எதற்கும் முதல் பணத்தைத் தொடாதீர்கள். காற்று, நல்ல இரும்புக் கட்டை, சுத்தி இந்த மூன்றையும் நீங்கள் செய்ய முடியாது. பணம் அங்கே போகட்டும்.

நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டுக் கோடரியும் அரிவாளும் அடித்து விற்கும் வடமாநிலக் குடும்பங்களை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தரையில் சிறு குழி, கையால் சுற்றும் பிளோயர், மண்ணில் முளையாக அறைந்த இரும்பு, ஓரிரு குறடுகள், சம்மட்டி. ஆண் குறட்டைப் பிடித்துத் திருப்பிக்கொடுக்க, பெண் சம்மட்டி போடுகிறார். லாரியின் ஸ்பிரிங் பட்டை கோடரியாகிவிடுகிறது. அவர்களுடைய கைப்பழக்கம் நமக்கு வர வருடங்கள் ஆகும். ஆனால் எதெல்லாம் இல்லாமல் வேலை நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

கடைக்குப் போகுமுன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உட்கார்ந்து வேலை செய்யப் போகிறீர்களா, நின்றா? நம் ஊர்க் கொல்லர்கள் உலைக்குழியின் அருகில் உட்கார்ந்தே அடித்தார்கள். உலை தரையில், அடைகல் தாழ்வாக, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். செலவு மிகக் குறைவு. உலைக்கு மேடையோ தாங்கியோ வேண்டாம். ஆனால் கனமான இரும்பை நீட்ட, எதிரே நின்று சம்மட்டி போட இன்னொருவர் வேண்டும். தனி ஆளாக நின்று அடிப்பவருக்கு இடுப்பின் பலமும் கூட வரும். அவருக்கு அடைகல்லின் முகம், கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் விரல்முட்டி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவருக்கு நான் நிற்பதையே சொல்வேன்.

இனி நெருப்பு. நம்மிடம் மூன்று வழிகள்: அடுப்புக்கரி, நிலக்கரி, கேஸ்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் சீமைக்கருவேல் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கந்தகம் குறைவு, இரும்புக்கு நல்லது, சிறு காற்றிலேயே சூடேறும். குறை, தீப்பொறி பறக்கும், வேகமாகவும் தீரும். கூரை ஓலையாக இருந்தால் இந்தக் கரியை நினைக்கவே வேண்டாம். நிலக்கரி நின்று எரியும். பெரிய இரும்புக்கு ஏற்றது. ஆனால் கந்தகப் புகையும், உலையின் அடியில் உருகி இறுகும் கசடும் புதிதாக வருபவரைத் திணறடிக்கும். நல்ல நிலக்கரி சில்லறையாகக் கிடைப்பதும் கடினம்.

கேஸ் உலை பார்க்க எளிது. திறந்தால் நெருப்பு, மூடினால் அணைவு. சின்னக் கத்திகள் மட்டும் செய்பவருக்கு அது உகந்ததும்கூட. அரிவாளுக்கு வந்தால் சிக்கல். வளைந்த இரும்பு அந்தச் சிறு அறைக்குள் நுழையாது. நுழைந்தாலும் நடுவில் ஒரு சாண் மட்டும் சூடேற்ற வழியில்லை. திறந்த கரி உலையில் வேண்டிய இடத்தில் மட்டும் சிவக்க வைக்கலாம். கேஸில் கூடுதல் செலவுகளும் ஒளிந்திருக்கின்றன: அதிக அழுத்த ரெகுலேட்டர், உள்ளே ஒட்டும் பீங்கான் பஞ்சு, அதன் இழை நுரையீரலுக்குப் போகாமலிருக்க மேலே பூசும் நெருப்புச் சாந்து. வீட்டுச் சமையல் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது; 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். குறைந்த பணத்தில் அரிவாள், களைக்கொத்து, கத்தி என்று கலந்து செய்ய நினைப்பவருக்குக் கரி உலையே என் பரிந்துரை. எதுவானாலும் பட்டறையின் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். உலை விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

கரி உலைக்கு நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் காற்றுக்குத்தான். உலையைக் களிமண்ணும் செங்கல்லும் வைத்து நீங்களே கட்டிவிடலாம். காற்றுக் குழாய்க்கு மட்டும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தொடாதீர்கள். சூட்டில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்; பூச்சில்லாத கறுப்புக் குழாய் போதும். பிளோயரில் கையால் சுற்றுவதா, மின்சாரமா? ஓட்டல் அடுப்புகளுக்கு வைக்கும் சிறிய மின் பிளோயர் மலிவு, கையும் ஓய்வாகும். ஆனால் நீங்கள் அடைகல்லில் அடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அது கரியைத் தின்றுகொண்டே இருக்கும். காற்றைக் குறைக்கத் தடுப்போ ரெகுலேட்டரோ இல்லாவிட்டால் இரும்பையும் எரித்துவிடும். கையால் சுற்றும் பிளோயர் கை நின்றால் நிற்கும். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். பழகுகிற காலத்தில் நெருப்பின் போக்கைக் கை அறிவது பெரிய லாபம். பழைய சந்தையில் பற்சக்கரம் தேயாத ஒன்று கிடைத்தால் மின் பிளோயரை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

அடைகல்லில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மலிவாகக் கிடைக்கும் புதிய அடைகற்களில் பல வெறும் வார்ப்பிரும்பு. சுத்தி இறங்கினால் ‘டொப்’பென்று சத்தம் வரும், அடியின் வேகத்தை விழுங்கிவிடும், ஓரம் உதிரும். வார்ப்பெஃகில் செய்தது நன்றாக இருக்கும், விலையும் அப்படியே. சோதிக்க எளிய வழி உண்டு. சட்டைப் பையில் ஒரு பேரிங் குண்டு கொண்டுபோங்கள். முகத்துக்கு 10 அங்குலம் மேலிருந்து விடுங்கள். 7 அங்குலமோ அதற்கு மேலோ துள்ளினால் நல்ல கடினம். 3, 4 அங்குலத்தில் சோர்ந்து விழுந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள்.

குறைந்த பணத்துக்கு நான் காட்டும் வழி பழைய இரும்புக் கடை. அங்கே எடைக்கணக்கில் விலை. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. லாரியின் பின் ஆக்சில் தண்டு அங்கே கேட்டால் கிடைக்கும். அதன் தட்டு மேலே வருமாறு தண்டைக் குழிக்குள் இறக்கி, கல்லும் சிமெண்டும் போட்டு இறுக்கினால் உட்கார்ந்து அடிப்பவருக்கு அருமையான அடைகல். கனத்த தண்டுகளின் வெட்டுத்துண்டு, 4 அங்குலத்துக்குக் குறையாத சதுரக் கட்டை எதுவும் ஆகும். கொம்பு இல்லையே என்று வருந்த வேண்டாம். வளைப்பதற்குப் பக்கத்தில் ஒரு கனத்த குழாயோ தடிக் கம்பியோ போதும்.

தண்டவாளத் துண்டு பற்றி எல்லாரும் கேட்பார்கள். நம் ரயில்பாதைகளில் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ எடைகொண்ட தண்டவாளங்கள் உள்ளன. ஓர் அடித் துண்டு ஏறக்குறைய 16 முதல் 18 கிலோ வரும். படுக்க வைத்தால் நடுவில் உள்ள மெல்லிய பகுதி அதிர்ந்து அடியை வீணாக்கும். செங்குத்தாக நிறுத்தி வெட்டுமுகத்தில் அடித்தால் முழு எடையும் சுத்திக்குக் கீழே வந்துவிடும். ஆனால் பில் இல்லாத தண்டவாளத்தை ஒருபோதும் வாங்காதீர்கள். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருளென்ற சந்தேகம் எழுந்தால், நேர்வழியில் வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை. ஏலத்தில் எடுத்ததற்கான காகிதம் இல்லாத கடையில் மலிவு என்று ஏமாற வேண்டாம்.

எந்தக் கட்டையானாலும் அசையாமல் உட்கார வேண்டும். கறிக்கடையில் வைப்பது போன்ற புளியங்கட்டையில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய 20 கிலோக் கட்டை, தரையில் ஆடும் 40 கிலோ அடைகல்லைவிட நன்றாக உழைக்கும்.

சுத்திக்கு நல்ல பெயருள்ள கடைச் சுத்தி ஒன்று, 800 கிராம் முதல் 1 கிலோ வரை. முதல் மாதத்திலேயே 2 கிலோ தூக்கினால் மணிக்கட்டும் முழங்கையும் போய்விடும். வாங்கியதும் முகத்தின் கூர் ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் இரும்பில் பிறை பிறையாகத் தழும்பு வைக்கும். சுத்தியைச் சுத்தியால் மட்டும் அடிக்கக் கூடாது. இரண்டும் கடினமானவை, சில்லு தெறித்துக் கண்ணில் ஏறும்.

குறடு வாங்காதீர்கள். இரண்டடிக்கு மேல் நீளமுள்ள கம்பியைக் கையாலேயே பிடித்து நுனியை அடிக்கலாம். 12 மி.மீ. கம்பியில் அப்படி நாலைந்து கொக்கி அடித்தபின் அதே கம்பியில் முதல் குறட்டை அடித்துவிடலாம். பழக மென்கம்பி போதும். அது கடினமேறாது; அரிவாளாகாது. விளிம்புக்கு ஸ்பிரிங் பட்டைதான். அதைப் பதப்படுத்தும்போது காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, சுமார் 770 டிகிரிக்கு, சற்று மேலே ஏற்றி எண்ணெயில் விட வேண்டும். தண்ணீரில் விட்டால் வெடிக்க வாய்ப்பு அதிகம். பழைய என்ஜின் ஆயில் நச்சுப்புகை விடும். கடலை எண்ணெயோ பாமாயிலோ வாங்கி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் வையுங்கள். ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தமும் அந்த டப்பாவும் பணமே கேட்காத கருவிகள், முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கண்ணாடியும் செருப்பு அல்லாத மூடிய காலணியும் இந்தக் கணக்கில் பேரம் பேசக்கூடாதவை. பருத்தி உடுப்பு. சுத்தி பிடிக்கும் கைக்குக் கையுறை வேண்டாம், பிடி நழுவும்.

அடுத்த சுற்றில் பணம் வந்தால் வைஸா, ஆங்கிள் கிரைண்டரா? அரிவாளும் கத்தியும் விற்கப் போகிறவர் 4 அங்குலக் கிரைண்டரை முதலில் வாங்கட்டும். அரத்தில் ஒரு பொழுது பிடிக்கும் வேலை சிறிது நேரத்தில் முடியும். பாதுகாப்பு மூடியைக் கழற்றாமல் ஓட்டினால் போதும். கேட் கம்பி, முறுக்கு வேலை என்று போகிறவருக்கு வைஸ் முந்தும். அதில் மேசை வைஸைவிடத் தரைவரை கால் நீளும் பழைய கொல்லன் வைஸைத் தேடுங்கள். மேசை வைஸின் வார்ப்பு உடல் சுத்தியடியைத் தாங்காது, கால் வைஸ் அடியைத் தரைக்கு இறக்கிவிடும். திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் முழுவதும் சுற்றித் திறந்து பாருங்கள். மின் சம்மட்டியை, மாதாமாதம் ஆர்டர் நிலைத்து, சம்மட்டி போடும் ஆளுக்குக் கொடுக்கும் கூலி அதன் தவணைத் தொகையை எட்டும் வரை தள்ளிப்போடலாம்.