பல்லுக்காகப் பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

‘பல்லு போனா சொல்லு போச்சு’ என்பார்கள் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? சோறும் அல்லவா போகிறது! வாயில் அரைபடாத உணவை வயிறு எப்படிச் செரிக்கும்? உணவே மருந்து என்கிறோம். அந்த மருந்தை அரைக்கிற அம்மிதான் நம் கடைவாய்ப் பற்கள்.

ஆனால் பல் டாக்டரிடம் போக இன்று பலருக்குப் பயம். ஊசிக்குப் பயந்த காலம் போய், பில்லுக்குப் பயப்படும் காலம் இது. நாலைந்து பற்களில் வேலை இருந்தால் இரண்டு மூன்று மாதச் சம்பளம் கரைந்துவிடுகிறது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை, விபத்தில் அடிபட்டாலொழிய, பல் செலவைத் தருவதில்லை.

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் கேட்டு என்னிடம் வருகிறவர்கள், கிளம்பும்போது மெதுவாகக் கேட்பார்கள்: “டாக்டர், பி.எஃப்.ல பணம் கிடக்கு. அதை எடுத்துப் பல்லைக் கட்டிக்கலாமா?”

எடுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாயைக் கணக்கெடுங்கள். அடுத்து செலவைக் குறையுங்கள். அதற்கும் மேல் எவ்வளவு தேவையோ, அதற்கு மட்டும் பி.எஃப்.

சும்மா கிடக்கும் பணமா?

உங்கள் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் மாதாமாதம் பிடித்துச் சேர்ப்பதுதான் இந்தப் பணம். 2024-25ஆம் ஆண்டுக்கு இதற்கு 8.25 சதவீத வட்டி. கணக்குக்கு எளிதாக 8 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு வட்டி சேர்ந்து, 9 வருடத்தில் பணம் இரண்டு மடங்காகும்.

உங்களுக்கு 40 வயது. ஒரு லட்சம் எடுக்கிறீர்கள். எடுக்காமல் விட்டிருந்தால் 49 வயதில் அது 2 லட்சம். 58 வயதில் 4 லட்சம். இன்று ஒரு லட்சத்துக்குக் கட்டும் பல்லுக்கு, ஓய்வு பெறும் நாளில் 4 லட்சம் விலை கொடுக்கிறீர்கள். இந்த முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பதால் அந்த விலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதற்காகச் சீழ் பிடித்த பல்லோடு 58 வயது வரை உட்கார்ந்திருக்க முடியுமா? கூடவே கூடாது. அதனால்தான் வாயை முதலில் கணக்கெடுக்கச் சொல்கிறேன்.

வாய்க்கு ஒரு பட்டியல்

பல் மருத்துவரிடம் காட்டி, எந்தப் பல்லுக்கு என்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்குங்கள். அதை மூன்றாகப் பிரியுங்கள்.

1. தள்ளிப்போடக் கூடாதவை: சீழ், வீக்கம், இரவில் தூங்கவிடாத வலி, ஈறில் ரத்தம் கசிந்து ஆடும் பற்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்கு வராது. தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சல் அடித்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் பணத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உயிருக்கே ஆபத்து.

2. சில வாரங்களுக்குள் செய்ய வேண்டியவை: சொத்தைக் குழிகள். இன்று அடைத்தால் சின்னச் செலவு. விட்டுவிட்டால் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பல்லும் போகும்.

3. பொறுக்கக் கூடியவை: பல்லை வெளுப்பாக்குவது, அழகுக்காக வரிசைப்படுத்துவது. இவற்றுக்குப் பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். விழுந்த பல்லுக்கு எலும்பில் திருகாணி பதித்துக் கட்டும் ‘இம்ப்ளாண்ட்’ வசதியானதுதான். ஆனால் கழற்றி மாட்டும் பல்லைக் குறைந்த செலவில் வைத்துக்கொண்டு, பணம் சேர்ந்த பிறகு அதைச் செய்யலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

கிராம்பு என்ன செய்யும்?

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுக் குழியில் வைத்தால் வலி மரத்துப்போகும். ஈறில் படாமல் வைக்க வேண்டும். பட்டால் எரிந்து புண்ணாகும். குழி விழுந்த பல்லை எந்த மூலிகையாலும் அடைக்க முடியாது என்பதைச் சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். வலி போனதும் நோய் போய்விட்டது என்று இருந்துவிடுகிறவர்கள்தான் பிறகு பி.எஃப். கணக்கைத் தேடுகிறார்கள்.

செலவைக் குறைக்க

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். கூட்டம் இருக்கும்; இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கும். ஆனால் மிச்சமாகும் பணத்தை நினைத்துப் பாருங்கள்! தனியாரிடம் போவதானால் இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். எல்லாப் பல்லையும் ஒரே மாதத்தில் செய்யாமல் பகுதி பகுதியாகச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

எடுத்தே தீர வேண்டுமானால்...

1952ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 68-ஜெ பத்தியில், ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுப்பது, பெரிய அறுவை சிகிச்சை, காசம், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதய நோய் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். பல் கட்டுவது அதில் இல்லை. அந்தப் பணம் எப்படிப்பட்ட ஆபத்துக்கு என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே புரியும். 2017இல் டாக்டர் சான்றிதழ் இல்லாமல் உறுப்பினரே உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றார்கள். 2025 அக்டோபரில் கூடிய மத்திய அறங்காவலர் குழு, 13 வகை முன்பணங்களை மூன்று தலைப்பில் அடக்கவும், 12 மாதச் சேவை இருந்தால் போதும் என்று வைக்கவும், கணக்கில் 25 சதவீதத்தை எப்போதும் விட்டுவைக்கவும் முடிவு செய்தது. விண்ணப்பிக்கும் நாளில் உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்று பி.எஃப். அலுவலகத்திலோ கம்பெனியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் கேட்கும் தரகர் எதற்கு? விண்ணப்பத்தை நீங்களே போடலாம்.

மூணு வட்டிக்குக் கடன் வாங்குவதா, பி.எஃப். எடுப்பதா என்று தவித்தால், பி.எஃப்.தான் மேல். மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம்! ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். சிகிச்சை முடிந்த மறுமாதமே, கூடுதலாக 500 அல்லது 1,000 ரூபாய் பிடிக்கச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுங்கள். விருப்பப் பங்களிப்புக்கும் அதே வட்டி உண்டு. எடுத்த பள்ளம் மெல்ல மெல்லத் தூர்ந்துவிடும்.

பல்லும் சேமிப்புதான்

ஆலங்குச்சி, வேலங்குச்சிப் பழமொழி எல்லோருக்கும் தெரியும். குச்சி கிடைக்காவிட்டால் மெல்லிய பிரஷ் போதும். காலையும் இரவும் துலக்குங்கள். சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள். திரிபலாப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிக் கொப்பளித்தால் ஈறுக்கு நல்லது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, வலி இல்லாதபோதே பல்லைக் காட்டுங்கள்.

வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்களா? இந்த வாரமே அவர்களை ஆ காட்டச் சொல்லிப் பாருங்கள். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இப்போதே போனால் அந்தச் செலவு மாதச் சம்பளத்திலேயே முடிந்துவிடும்.