ஏழு மில்லிமீட்டர் தகராறு

மலைச் சைக்கிள் பைத்தியங்கள் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால், இரண்டாவது டீ வருவதற்குள் பேச்சு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு வந்துவிடும். ஒருவர் “44 ஆஃப்செட்தான் சரி” என்பார். மற்றவர் “51-இல் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்க” என்பார். வித்தியாசம் 7 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், எண்களை ஒப்பிப்பவர்களில் பலர் அவை வண்டியை என்ன செய்யும் என்பதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

நம்பிக்கை: ஃபோர்க் சக்கரத்தை எவ்வளவு முன்னால் தள்ளிப் பிடிக்கிறதோ, வண்டி அவ்வளவு நிலையாக, நேராக ஓடும்.

உண்மை நேர் எதிர். ஹேண்டில்பார் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சை ஒரு நீளமான கம்பி என்று வைத்துக்கொண்டு தரைவரை நீட்டுங்கள். கம்பி தரையைத் தொடும் இடம் ஒன்று. டயர் தரையைத் தொடும் இடம் இன்னொன்று. அது வழக்கமாகச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்குத்தான் டிரெயில் என்று பெயர். அலுவலக நாற்காலியை முன்னே தள்ளினால் அதன் குட்டிச் சக்கரங்கள் தாமாகவே பின்பக்கம் ஒதுங்கி நேராக வருகின்றன அல்லவா? அதே வேலையைத்தான் டிரெயில் முன்சக்கரத்தில் செய்கிறது. டிரெயில் கூடினால் சக்கரம் நேரே போக அடம்பிடிக்கும். குறைந்தால் சொன்னவுடன் திரும்பும்.

ஆஃப்செட் என்பது அந்த அச்சிலிருந்து சக்கரத்தின் ஆக்சில் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்ற அளவு. ஆக்சில் முன்னால் போகப் போக டயர் தரையைத் தொடும் இடமும் கூடவே முன்னால் போய், கம்பி தொடும் இடத்தை நெருங்கிவிடும். ஆக ஆஃப்செட் கூடினால் டிரெயில் குறையும். 29 அங்குலச் சக்கரம், ஹெட் ஆங்கிள் (அந்த அச்சு தரையோடு செய்யும் கோணம்) 66 டிகிரி, டயரோடு சேர்த்து ஆரம் 370 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 51 ஆஃப்செட்டில் டிரெயில் சுமார் 109 மி.மீ., 44 ஆஃப்செட்டில் சுமார் 117 மி.மீ. நிதானமாக நேரே ஓடும் வண்டி வேண்டும் என்பவர் கேட்க வேண்டியது சிறிய எண்ணைத்தான்.

குழப்பத்துக்கு மோட்டார் சைக்கிள்காரர்களும் ஒரு காரணம். அவர்கள் அகராதியில் ரேக் என்றால் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிள்காரர்களுக்கோ ரேக்கும் ஆஃப்செட்டும் ஒன்றே. முன்னது கூடினால் டிரெயில் கூடும், பின்னது கூடினால் குறையும். ஒரே சொல்லை இரண்டு பட்டறைகள் இரண்டு அர்த்தத்தில் புழங்கினால் கேட்பவர் என்ன செய்வார்! பழைய, அமுங்காத ரிஜிட் ஃபோர்க்கின் கால்கள் நுனியில் முன்னோக்கி வளைந்திருக்கும். ஆஃப்செட் கண்ணுக்குத் தெரியும். இன்றைய சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் கால்கள் அச்சுக்கு இணையாகவே இறங்குகின்றன. ஆஃப்செட் மேலே கால்கள் சேரும் கிரௌனிலும் கீழே ஆக்சில் மாட்டும் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. பார்த்துச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: சைக்கிள் விழாமல் ஓடுவது சுழலும் சக்கரத்தின் பம்பர விசையால், ஃபோர்க்கின் வடிவம் சும்மா அழகுக்கு.

டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துகாட்டக் கிளம்பினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டிப் பம்பர விசையைச் சமன் செய்தார். அப்போதும் அதை ஓட்ட முடிந்தது. பிறகு ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினார். டிரெயில் எக்கச்சக்கமாகக் கூடியது. அந்த வண்டியைத் தள்ளிவிட்டால் ஆளில்லாமலேயே நிமிர்ந்து ஓடியது. அடுத்து முன்சக்கரத்தை வழக்கத்தைவிட முன்னால் தள்ளி மாட்டியபோது, கையை எடுத்தவுடன் சாய்ந்தது. 1970-இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் அவர் எழுதிய கட்டுரை இது. டிரெயில்தான் கடவுள் என்று பலர் முடிவு கட்டினார்கள். 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பர விசையும் இல்லாமல், டிரெயிலும் இல்லாமல் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு விசித்திர வண்டியைச் செய்து, அந்த முடிவையும் ஆட்டிவிட்டார்கள். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும் என்று காட்டியது அந்த வண்டி.

நம்பிக்கை: ஹெட் ஆங்கிள் எவ்வளவு படுத்திருக்கிறதோ, வண்டி அவ்வளவு உயர்ந்தது.

கடைகளில் இன்று அதிகம் விலைபோகும் நம்பிக்கை இது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் அருகே 1976 அக்டோபரில் ‘ரீபேக்’ இறக்கத்தில் முதல் பந்தயம் நடந்தபோது, வந்தவர்கள் ஓட்டியவை பழைய ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற கனத்த சட்டங்கள். (இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் புகையாகிப் போகும், புதிதாக அடைக்க வேண்டும், பாதைக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்.) அந்த வண்டிகளின் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருந்தது. பின்னால் ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ் கண்ட்ரி பந்தயங்கள் பெருகியதும் கோணம் நிமிர்ந்தது. 1990-களில் 71 டிகிரி ஏறக்குறைய வேதவாக்கு. இப்போது காட்டுப்பாதை வண்டிகள் 64, 65-இல் நிற்கின்றன.

மேலே சொன்ன கணக்கின்படி, 26 அங்குலச் சக்கரமும் 71 டிகிரியும் 38 ஆஃப்செட்டும் உள்ள அந்தக் கால வண்டியின் டிரெயில் சுமார் 76 மி.மீ. இன்றைய 29 அங்குலம், 64 டிகிரி, 44 ஆஃப்செட் வண்டிக்கு 131. இறக்கத்தில் இதன் பலன் நிஜம். முன்சக்கரம் ஓட்டுபவரை விட்டு நன்றாக முன்னால் இருப்பதால், பாறையில் மோதினாலும் ஹேண்டிலைத் தாண்டிக் குட்டிக்கரணம் அடிக்கும் வாய்ப்பு குறைவு. வேர்களும் கற்களும் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடுங்கினாலும் அது தன் வழிக்குத் திரும்புகிறது.

ஆனால் அதே வண்டியை நிறுத்தி வைத்து ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்புங்கள். முன்பகுதி சற்றே தாழும். கோணம் படுக்கப் படுக்க இந்தத் தாழ்வு கூடும். மெதுவாகச் செங்குத்து ஏற்றத்தில் நெளிந்து போகும்போது, சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மேலும் அந்தப் பக்கமே விழப்பார்க்கும். ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இதைச் சமாளிக்கத்தான் வடிவமைப்பாளர்கள் சீட் குழாயை 76, 78 டிகிரிக்கு நிமிர்த்தி, ஓட்டுபவரின் எடையை முன்னால் கொண்டுவந்தார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும், 12 செ.மீ. இருந்த ஸ்டெம் 4 செ.மீ.க்குச் சுருங்கியது. ஹேண்டில்பார் 58 செ.மீ.யிலிருந்து 78-க்கு அகன்றது. சட்டம் நீண்டது. கோணம் தனியாக நடந்து வரவில்லை, குடும்பத்தோடு வந்தது. பழைய சட்டத்தில் கோணத்தை மட்டும் படுக்க வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நம்பிக்கை: நீண்ட டிராவல் ஃபோர்க் மாட்டினால் வண்டி ஒரு படி உயர்ந்துவிடும்.

டிராவல் என்பது ஃபோர்க் அமுங்கும் தூரம். 100 மி.மீ.க்காகச் செய்த என் ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத) சட்டத்தில் நான் 140 மாட்டினேன். கடைக்காரர் தடுக்கவில்லை, பாவம், விற்பது அவர் தொழில். முன்பகுதி 4 செ.மீ. உயர்ந்ததில் ஹெட் ஆங்கிள் கிட்டத்தட்ட 2 டிகிரி படுத்தது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சட்டம் மொத்தமும் பின்சக்கரத்தை மையமாக வைத்துச் சாய்கிறது என்பதை மறந்துவிட்டேன். சீட் குழாயும் அதே 2 டிகிரி பின்னால் போனது. பெடல் அச்சு சுமார் 14 மி.மீ. மேலே ஏறியது. ஏற்றங்களில் முன்சக்கரம் மிதந்தது, வளைவுகளில் வண்டி உயரமாகத் தள்ளாடியது. மூன்று மாதத்தில் பழைய ஃபோர்க்கே திரும்ப வந்தது. நீளமான ஃபோர்க், தான் நுழைந்திருக்கும் ஹெட் ட்யூப் மீது கொடுக்கும் நெம்பு விசையும் அதிகம். தங்கள் சட்டம் தாங்கும் அதிகபட்ச டிராவல் எவ்வளவு என்று தயாரிப்பாளர்கள் சொல்வது அதனால்தான்.

நம்பிக்கை: சிறிய ஆஃப்செட்தான் புதிய அறிவியல்; 51 காலாவதி.

29 அங்குலச் சக்கரம் வந்த புதிதில், பெரிய ஆரத்தால் டிரெயில் கூடி வண்டி சோம்பலாகத் திரும்புகிறது என்று புகார் எழுந்தது. 2000-களின் இறுதியில் கேரி ஃபிஷர் நிறுவனம் ‘ஜி2’ என்ற பெயரில் ஆஃப்செட்டை 51-க்கு உயர்த்தி டிரெயிலைக் குறைத்தது. அன்றைய நிமிர்ந்த கோணங்களுக்கு அது பொருத்தமான மருந்து. பிறகு கோணங்கள் படுத்தன, சட்டங்கள் நீண்டன, முன்சக்கரம் ஓட்டுபவரை விட்டு வெகுதூரம் போனது. 2017-இல் டிரான்ஸிஷன் நிறுவனம் சிறிய ஆஃப்செட்டுக்குத் திரும்பியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சிறிய ஆஃப்செட் டிரெயிலைக் கூட்டுவதோடு, சக்கரத்தை 7 மி.மீ. ஓட்டுபவர் பக்கம் இழுத்து அதன்மேல் எடையையும் சற்றுக் கூட்டுகிறது. இரண்டு முடிவுகளும் அந்தந்தச் சட்டத்துக்கான விடைகள். டிரெயிலைப் பொறுத்தவரை 7 மி.மீ. ஆஃப்செட்டும் 1 டிகிரி கோணமும் ஏறக்குறைய ஒரே எடை. டயரில் காற்று கூடக்குறைய இருந்தால் இந்த வேறுபாடு உங்கள் கைக்குத் தெரியவே தெரியாது என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: விவரத்தாளில் போட்டிருக்கும் கோணத்தில்தான் நாம் ஓட்டுகிறோம்.

அந்தக் கோணம் சுவரில் சாய்த்து வைத்த வண்டிக்கு உரியது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே ஃபோர்க் கொஞ்சம் அமுங்குகிறது. இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் தலையைக் கவிழ்க்கிறது. 65 டிகிரி என்று விற்கப்பட்ட ஹார்ட்டெயிலில் 120 மி.மீ. ஃபோர்க் முழுக்க அமுங்கினால் கோணம் 70-க்கு நிமிர்ந்துவிடும். 44 ஆஃப்செட்டில் 124 மி.மீ. இருந்த டிரெயில் 88-க்கு இறங்கும். எந்த நொடியில் நிதானம் வேண்டும் என்று காசு கொடுத்தீர்களோ, அந்த நொடியில் அது கையில் இருக்காது. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் பின்பகுதியும் அமுங்குவதால் சாதாரண ஓட்டத்தில் கோணம் இவ்வளவு மாறாது. பிரேக் பிடிக்கும்போது அங்கேயும் மூக்கு தாழும்.

ஆகவே புது ஃபோர்க்குக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதுள்ள ஃபோர்க்கின் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு, வழக்கமாக மாட்டும் பையோடும் ஹெல்மெட்டோடும் வண்டியில் ஏறி, நிற்கும் நிலையில் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். மொத்த டிராவலில் 15 முதல் 20 சதவீதம் இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ஷாக் பம்ப்பால் காற்றை ஏற்றி, பழகிய இறக்கத்தில் இன்னொரு முறை போய் வாருங்கள். 44-ஆ 51-ஆ என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.