தெருநாய்ப் பெருக்கமும் பஞ்சாயத்தின் கடமையும்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் போன்ற மீனவர் கிராமங்களில், மீன் கழிவு கரையிலேயே கிடக்குமாயின் அங்கே நாய்கள் கூடுவது இயல்பு. நாய்கள் பெருகினால் கடியும் பெருகும். குழந்தைகளுக்கு மட்டுமன்றிக் கறவை மாடுகளுக்கும் வெறிநோய் அபாயம் உண்டு. ஆதலின், "பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன?" என்னும் கேள்வி எழுகின்றது.

இதற்குச் சென்னை மாநகரின் அனுபவமே விடையாகும். அங்கே நெடுங்காலம் நாய்களைக் கொன்று வந்தும் தொல்லை தீரவில்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தம் குடும்பத்தாருடன் தொடங்கிய புளூ கிராஸ் என்னும் ஜீவகாருண்ய ஸ்தாபனம், கருத்தடையே தக்க வழியென்று 1964 முதல் வற்புறுத்தி வந்தது. 1996-இல் மாநகராட்சியும் அவ்வழிக்குத் திரும்பலாயிற்று.

கொல்வதால் பயனில்லாமைக்குக் காரணம் யாது? ஓரிடத்து நாய்களை அகற்றினால் அவை உண்ட உணவு அங்கேயே மிஞ்சும். அதை நாடி அயலூர் நாய்கள் வந்து சேரும். பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்களே. ஆதலால் வெற்றிடம் விரைவில் நிரம்பிவிடும். வந்த நாய்களோ தடுப்பூசி பெறாதவை.

காப்பகம் என்பது எல்லா நாய்களையும் ஆயுள் முழுதும் அடைத்து வைக்கும் பட்டி அன்று. நோயுற்றவையும் அடிபட்டவையும் அங்கே தங்கிச் சிகிச்சை பெறும். ஏனையவற்றுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டுமென்று 2023-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் கூறுகின்றன. வெறிநோய் கண்ட நாயை வெளியே விடாமல் தனியே அடைத்து வைத்தல் வேண்டும். இப்பணியை நடத்தும் பொறுப்பு பஞ்சாயத்து முதலிய உள்ளாட்சி மன்றங்களைச் சார்ந்தது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை மூன்று:

1. ஊரிலுள்ள நாய்களைக் கணக்கெடுத்தல்.

2. அங்கீகாரம் பெற்ற பிராணி நல ஸ்தாபனத்துடனும் கால்நடை மருத்துவருடனும் கலந்து, நூற்றுக்கு 70 நாய்களுக்கேனும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடச் செய்தல்.

3. மீன், இறைச்சிக் கழிவுகளை அன்றன்றே அகற்றுதல்.

நாய் கடித்துவிட்டால், காயத்தில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைத் தடவலாகாது. சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நோயின் குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. உரிய காலத்தில் முறையாகச் செய்துகொள்ளும் சிகிச்சையோ உயிர் காக்கும்.

நாயின் உயிரைக் காக்கும் முறையே ஊர்க் குழந்தையின் உயிரையும் காக்கின்றது. இதனை உணர்ந்து பஞ்சாயத்துகள் முன்வருமாயின் கிராமங்கள் நலம் பெறும்.