தெருவிளக்கை அளக்கப் போகும்போது

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ராத்திரி ரயிலில் இறங்கி உள்தெருவுக்குள் தனியே நடக்கும் பெண்ணுக்கு, கம்பத்தில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது; வெளிச்சம் தரையில் விழ வேண்டும். மனு கொடுத்தால் வரும் "லைட்தான் எரியுதே சார்" என்ற பதிலுக்கு முன்னால் வைக்க ஓர் எண் வேண்டும். அதைத் தருவது லக்ஸ் மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் ஒரு லக்ஸ். மீட்டரின் சென்சாரில், வெள்ளைக் குமிழுக்கு அடியில் உள்ள போட்டோடயோடு ஒளியை மின்னோட்டமாக்கும். மேலே உள்ள வடிகட்டி, நம் கண்ணைப் போலவே பச்சையை அதிகமாகவும் சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் எடுத்துக்கொள்ளச் செய்யும்.

செய்ய வேண்டியவை

• மூடியைக் கழற்றாமல் ஆன் செய்து, 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.

• சென்சாரைத் தரையில் மல்லாக்க வையுங்கள்.

• கம்பத்தடியோடு நிறுத்தாதீர்கள். இரு கம்பங்களுக்கு இடையே சம இடைவெளிகளில், தெருவின் இரு ஓரமும் அளந்து பாருங்கள். கம்பத்தடியில் 20, நடுவில் 1 என்றிருந்தாலும் சராசரி பார்க்க நன்றாகவே இருக்கும். பயம் அந்த நடுவில்தான். ஐ.எஸ். 1944 தரநிலை போக்குவரத்து குறைந்த உள்சாலைக்குச் சராசரி 4 லக்ஸ் கேட்கிறது. மிக இருட்டான இடத்தின் அளவு சராசரியில் 0.3 பங்குக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. மனுவில் முதலில் எழுத வேண்டியது இந்த 0.3-ஐத்தான்.

• தேதி, மணி, கம்பத்தின் எண் மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• சென்சாரை விளக்கைப் பார்த்துச் சாய்க்காதீர்கள். எண் கூடும், தரையில் அந்த வெளிச்சம் இருக்காது.

• குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் நிழலே விழும். ஒயரை நீட்டித் தள்ளி நில்லுங்கள்.

• செல்போன் ஆப் எண்ணை மனுவில் போடாதீர்கள். போனுக்குப் போன் மாறும்.

• அந்தியில் அளக்காதீர்கள். பௌர்ணமி நிலவே கால் லக்ஸ்தான்; அந்தி வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு. ஜிஎஸ்டி சாலைப் பக்கம் என்றால் வண்டியின் ஹெட்லைட் கடந்து போகும்வரை பொறுங்கள்.

• அளவு குறைந்தால் உடனே பல்பைக் குறை சொல்லாதீர்கள். அண்ணாந்து பாருங்கள்: வேப்பங்கிளை மறைத்திருக்கலாம், கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம். கிளையைக் கழித்த பிறகு, அதே இடத்தில், அதே மணிக்கு மறுபடி மீட்டரை வையுங்கள்.