ஆற்றங்கரைக் குன்றும் அறவோர் படுக்கையும்

நாமக்கல் மலைக்கோட்டையைக் காணச் செல்லும் நம் குடும்பத்தினர் பலர் கோட்டையோடு திரும்பிவிடுகின்றனர். முன்னர் யாமும் அவ்வாறே திரும்பியவர்கள்தாம். இம்முறை தெற்கே பரமத்தி வேலூர் சென்று, காவிரிப் பாலத்தைக் கடந்து, தென்கரையில் வேலாயுதம்பாளையத்தை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையையும் கண்டு வந்தோம்.

நாமக்கல் குன்று ஒரே பாறையாய் எழுந்தது. அடியில் அதியர் மரபினர் குடைவித்த இரு குடைவரைகள். உச்சியில் பிற்காலக் கோட்டை மதில். 1768இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். விரைவில் ஐதர் அலி மீட்டார். கோட்டை வரலாறு என்பது பெரும்பாலும் கைமாறிய வரலாறே.

புகழூர்க் குன்றில் மதில் இல்லை. பாறை நிழலில் துறவியர்க்கென வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டினவாக அறிஞர் கருதும் அவற்றுள் ஒன்று, சேர மரபின் மூன்று தலைமுறையைக் கூறுகிறது: ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய அமணர் உறைவதற்கு இக்கல்லை வெட்டுவித்தான். பட்டம் ஏற்ற நாளில் அவன் எழுப்பியது அரணன்று, ஒரு முனிவரின் உறையுள்! (யாற்றூர் என்பதும் ஆற்றின் பெயரால் அமைந்த ஊரே.)

மன்னன் மட்டுமல்லன். கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி ஒரு படுக்கை அளித்தான். பிடந்தை மகள் கீரன் கொற்றி என்னும் பெண்மணியும் பள்ளி செய்வித்தாள். நம் இல்லப் பெண்டிர் இப்பெயரை அறிதல் வேண்டும். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுமாதலின், அவற்றுக்கு ஊறு நேராதிருக்க முனிவர் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவர். வெள்ளம் பெருகும் காவிரிக்கரையில் உயர்ந்த பாறை நிழலை இல்லறத்தார் அமைத்துக் கொடுத்ததன் பொருள் அப்போது விளங்கும்.

எம்மை வருத்தியது ஒன்று. வந்துபோவோர் தம் பெயரைப் பாறையில் கீறியுள்ளனர். ஆயிரத்தெண்ணூறு ஆண்டு நின்ற எழுத்தின் அருகே நேற்றைய கீறல்! எழுத்தைத் தெளிவாகக் காண விரும்பிச் சுண்ணம் தடவுவதும் தீங்கே. குழந்தைகளிடம் முன்னரே சொல்லி அழைத்துச் செல்க. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது எழுத்துகள் தாமே புலப்படும். ஆயின் அந்தியுணவுக்கு முன் இறங்கிவிட வேண்டுமாதலின், நான்கு மணிக்குள் குன்றேறுதல் நன்று.